நடுக்கோட்டு டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பகலில் பிள்ளைகள் படிப்பார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் அதே பெஞ்சுகளில் அந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தா வயசுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். முழங்கால் உள்ளே நுழையாது. பக்கவாட்டில் திரும்பி, பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அறையைத் திறந்துவிடுவது, மணியடிப்பது, தண்ணீர் பிடித்துவைப்பது, நோட்டீஸ் ஒட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இங்கே அட்டெண்டர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு மட்டும் என்ன, வாய் அளவெடுத்துத் தைத்திருக்கிறதா?

அந்தச் சாயங்கால வகுப்பை நடத்தியவருக்கு 'நடுக்கோட்டு டீச்சர்' என்று பேர் வைத்தவனே நான்தான். வந்ததும் வராததுமாகக் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழிப்பார். இடது பக்கம் 'வீட்டில்' என்று எழுதுவார். வலது பக்கம் 'ஆபீஸில்' என்று எழுதுவார். அப்புறம்தான் பாடம்.

படிக்க வந்தவர்கள் நாலைந்து பாஷைக்காரர்கள். பிழைக்க வந்தவர்கள். இந்த ஊர்ப் பாஷையில் பேச்சுத் தேர்வு எழுதி, அதாவது பேசி, பாஸானால்தான் அரசாங்க வேலை நிரந்தரமாகும். டீச்சர் யாரையும் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இதை உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?" என்று முதலில் கேட்பார். அவர்கள் சொல்வதைக் காதால் கேட்டபடி இடது பக்கம் எழுதி, தானும் சொல்லிப் பார்ப்பார். டீச்சரின் உச்சரிப்பைக் கேட்டு, அரசு பஸ் டிப்போவில் வெல்டிங் அடிக்கிற ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரிப்பார். டீச்சரும் சிரிப்பார். "இப்ப என் முறை முடிஞ்சது, உங்க முறை" என்று சொல்லிவிட்டு வலது பக்கத்துக்குப் போவார். ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, "இடது பக்கம் எதுக்கு? பாடத்திட்டத்துல இல்லையே" என்று கேட்டார். "அது இல்லன்னா வலது பக்கம் மனசுல நிக்காதுங்க" என்றார் டீச்சர். அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கும் முதலில் இதெல்லாம் வேண்டாத வேலையாகத்தான் பட்டது. ஊர்ப் பாஷை கற்றுக்கொள்ள வந்தவனிடம் அவன் பாஷையைப் போய்க் கேட்பானேன்? ஒருநாள் கேட்டே விட்டேன். டீச்சர் சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்கப்பாவுக்கு வேலை மாத்தலாகி நான் ஏழாங்கிளாஸ்ல இந்த ஊருக்கு வந்தேண்ணே. முத நாள் எழுந்து நின்னு பேர் சொன்னதுக்கே கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. வாத்தியாரும் சேர்ந்து சிரிச்சாரு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் பள்ளிக்கூடத்துல வாயே திறக்கல. ஊமைன்னே பேரு."

வீட்டில் டீச்சரும் அவர் அக்காவும் மட்டும்தான். டீச்சருக்கு ஐம்பத்தாறு வயசு. பகலில் பிள்ளைகளுக்கு இலக்கணம், சாயங்காலம் இவர்களுக்கு.

அந்த வருஷம்தான் வார்டம்மா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டைத் துடைத்துக் கழுவுகிற வேலை. ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கிற இடத்தை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். வார்டம்மா மணிக்கு ஒருதரம் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு பக்கம். இப்போது காண்ட்ராக்டு முடிகிறது. நிரந்தரமானால் வேலையும் ரூமும் இருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் போகும். வயசு வரம்பு அந்த வருஷத்தோடு சரி. ஆக, ஒரே ஒரு தேர்வு. விட்டால் விட்டதுதான்.

அப்படிப்பட்டவர் முதல் நாற்பது நாள் வாயைத் திறக்கவே இல்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். என் நாக்கு சும்மா இருக்குமா? தண்ணீர் வைக்கப் போனவன், "என்ன டீச்சர், அந்தம்மா வாயில பூட்டு கீட்டு தொங்குதா?" என்றேன்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அண்ணே, வாங்க. இப்படி உட்காருங்க." என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "அம்மா, உங்க பாஷையில 'தண்ணி சூடா இருக்கு, பார்த்துக் குடிங்க'ன்னு சொல்லுங்க. அண்ணன் திருப்பிச் சொல்லுவாரு" என்றார்.

வார்டம்மா முணுமுணுவென்று சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மறுபடி சொன்னேன். என் நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவது தடவை சொன்னபோது வார்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் என்னத்தைச் சொல்லித் தொலைத்தேனோ, இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நான் தண்ணீர் வைக்கப் போனபோது, "அண்ணே, தண்ணி... சூடா?" என்று கேட்டார். அதுதான் ஊர்ப் பாஷையில் அவர் பேசிய முதல் வார்த்தை.

அன்றைக்கு டீச்சர் அவருக்கு ஒரு வழி சொல்லித் தந்தார். "வார்த்தை வரலைன்னா வாயை மூடிக்காதீங்க. கண்ணை மூடிக்கங்க. உங்க பாஷையில அதைச் சத்தமா சொல்லிடுங்க. அது வெளிய வந்துட்டா இதுவும் பின்னாலயே வரும்." மந்திரம் போட்ட மாதிரி அது பலித்தது. கண்ணை மூடுவார், தன் பாஷையில் ஒரு வார்த்தை விழும், கண்ணைத் திறப்பார், ஊர்ப் பாஷை வரும். மூன்றே மாதத்தில் அவரை நிறுத்தச் சொல்லி நான் மணியடிக்க வேண்டியிருந்தது. எந்த டாக்டருக்கு எந்த நேரத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும், பதினேழாம் நம்பர் கட்டில் கிழவர் எப்படிப் பொய் வலி சொல்லுவார் என்று நடித்தே காட்டுவார். ரூமில் புருஷனுக்கும் தினம் பாடம் ஒப்பிப்பாராம்.

தேர்வு எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, காலை பத்து மணிக்கு நடந்தது. தேர்வாளர் ஜலதோஷத்தோடு வந்திருந்தார். கைக்குட்டையும் கையுமாக, பாவம், யார் மேலும் விரோதமில்லாத மனுஷன். பாடம் நடத்தியவர் சாட்சியாகப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரலாம். ஆனால் தேர்வு தொடங்கியபின் பேசினாலோ ஜாடை காட்டினாலோ அத்தனை பேருடைய தேர்வும் ரத்து. பதினொரு பேர்.

தேர்வாளர் சீல் வைத்த உறையைக் கிழித்து உள்ளே இருந்த விதிகளை வாசித்தார். வாசிக்கும்போதே தேர்வு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பாதி தும்மலில் போயிற்று, மீதி ஆபீஸ் தமிழில் போயிற்று. பதினொரு பேரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். எட்டாவது விதியில்தான் எனக்குக் காது நிமிர்ந்தது. இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தது. 'விடையளிக்குங்கால் தேர்வர்தம் தாய்மொழிச் சொல் எதுவும் பயன்படுத்தப்படின் அத்தேர்வர் தோல்வியுற்றவராகக் கருதப்படுவார். மௌனம் சாதிப்பின் அவ்வினாவிற்குரிய மதிப்பெண் மட்டும் இழக்கப்படும்.'

டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"சாட்சி உட்காருங்க. இனிமே பேசக் கூடாது" என்றார் தேர்வாளர்.

டீச்சர் உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது. பத்துப் பேரைப் பணயம் வைத்து ஒருத்தரைக் காப்பாற்ற முடியுமா? ஒருத்தரைக் கைவிட்டுப் பத்துப் பேரைக் காப்பாற்றத்தான் மனசு வருமா? மற்றவர்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். வராந்தாவில் ஒரு காவலர். வாயைத் திறந்தால் என் வேலையும் போகும், தேர்வும் போகும். திக்குகிறபோதெல்லாம் அவரவர் சமாளித்துக்கொண்டார்கள். யாரும் கண்ணை மூடவில்லை. அந்தப் பழக்கம் வார்டம்மாவுக்குத்தான்.

ஒன்பதாவதாக வார்டம்மா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஐந்து கேள்வி. முதல் நாலுக்கும் மழை மாதிரி கொட்டினார். தேர்வாளரே மூக்கைத் துடைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாலோடு எழுந்து வந்திருந்தால்கூடப் பாஸ்.

ஐந்தாவது கேள்வி. "உங்க வார்டுக்கு வெளியில ஒருத்தர் மாடிப்படியிலேருந்து விழுந்துட்டார். டாக்டரைக் கூப்பிட்டு என்ன சொல்வீங்க?"

"டாக்டர், ஒருத்தர் விழுந்துட்டாரு. அவருக்கு..." என்றார் வார்டம்மா. அப்புறம் வரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டார். உதடு மட்டும் அசைந்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் கல்லாக உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது. குடத்தைத் தள்ளிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சத்தத்தில் கவனம் கலையும், கேள்வி போனால் போகட்டும். குடத்தின் கழுத்தில் கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை வைத்தேன். தள்ளவில்லை. இந்த நீள வாய்க்காரனுக்கு ஒரு குடத்தைத் தள்ளத் தைரியம் வரவில்லை.

வார்டம்மா கண்ணை மூடினார். தன் பாஷையில் அந்த வார்த்தையைக் கணீரென்று சொன்னார்.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

வார்டம்மா கண்ணைத் திறந்தார். "முதுகெலும்புல அடி பட்டிருக்கு டாக்டர்! யாரும் தூக்காதீங்க! கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கினா கால் ரெண்டும் போயிடும். பலகை கொண்டு வாங்க, அப்படியே நகர்த்தணும்." தேர்வாளர் அதைக் காதில் வாங்கினார், எழுதவில்லை. வார்டம்மாவின் புருஷன் விழுந்த அன்றைக்கு நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்களாம். வேண்டாம் என்று தடுக்க அன்றைக்கு அவரிடம் வார்த்தை இல்லை. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தேர்வு முடிந்து டீச்சர் வெளியே வந்ததும் வார்டம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துடுச்சு டீச்சர்! கடைசிவரைக்கும் சொல்லிட்டேன்!"

"நல்லா பேசினீங்கம்மா" என்றார் டீச்சர். வேறு என்ன சொல்வார்?

மறுநாளே டீச்சர் தேர்வு ஆபீஸுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார். கோபித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்கவில்லை.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அவங்க செஞ்சது நான் சொல்லித் தந்தது. குத்தம் என்னோடது. எழுதித் தரேன், என் பேர்ல நடவடிக்கை எடுங்க" என்று டீச்சர் ஒரு காகிதத்தை நீட்டினார். ராத்திரியே எழுதிவைத்திருக்கிறார்.

அதிகாரி வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை நான் வாங்கினா உங்க வகுப்பை மூடணும். அவங்க மார்க்கு மாறாது. எடுத்துட்டுப் போங்க."

தண்டனை கேட்டாலும் தர மாட்டேன் என்கிற இடத்தில் மனுஷன் போய் எங்கே முட்டிக்கொள்வான்?

பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. நான்தான் ஒட்டினேன். பத்துப் பேர் பாஸ். வார்டம்மா வந்து விரலை வைத்து வாசித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. டீச்சர் அவர் பக்கத்தில் போய் நின்று, எட்டாவது விதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ பேசாம இருந்திருந்தா?"

"பாஸ்மா."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர், நல்லா பேசினேன்னு சொன்னீங்க?"

"நல்லாத்தான்மா பேசினீங்க" என்றார் டீச்சர்.

வார்டம்மா அழவில்லை. "ரூமைக் காலி பண்ண வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்லணும். நீங்களும் வாங்க டீச்சர், தனியாப் போகப் பயமா இருக்கு" என்றார்.

மூன்று பேரும் போனோம். புருஷன் டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையைத் தூக்க முயன்றார். வார்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கள் பாஷையில் நாலைந்து வார்த்தை சொன்னார். அவர் ஏதோ கேட்டார். வார்டம்மா பதில் சொன்னார். புருஷன் தன் கையை எடுத்து வார்டம்மாவின் தலையில் வைத்தார். டீச்சர் சட்டென்று வெளியே வந்துவிட்டார்.

வெளியே வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. டீச்சர் அவற்றுக்கு நடுவில் நின்று அழுதார். அவருக்கு அந்தப் பாஷை பாதிக்கு மேல் புரியும்.

"என்ன டீச்சர் கேட்டாரு?"

"'டீச்சர் இவ்வளவு சொல்லிக் குடுத்தும் எப்படித் தவறிச்சு'ன்னு கேட்டாருண்ணே."

"அதுக்கு அந்தம்மா?"

"'எனக்குப் பேச்சு வரல, வாயை மூடிட்டு உட்கார்ந்துட்டேன்'னு சொல்லிட்டாங்க."

மாசக் கடைசியில் ரூமைக் காலி செய்தார்கள். முதுகு அசையாமல் அவரைப் பலகையோடு வண்டியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டது. ஒரு மூலையை டீச்சர் பிடித்தார், ஒரு மூலையை நான் பிடித்தேன்.