எண்டர் அக்காவும் ஆயிரத்தெண்ணூறு சாமான்களும்

பேருந்து நிலையத்தின் வடக்கு மூலையில், டிக்கெட் கவுண்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பதினெட்டு வருடமாக அந்த அறைக்குப் பொறுப்பாக இருப்பவருக்கு டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்த பெயர் எண்டர் அக்கா.

ஒரு குடை வந்தால் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் 'குடை, கறுப்பு' என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அக்காவுக்கு அது ஆகாது. 'குடை' என்று அடித்து எண்டர் தட்டுவார். 'கறுப்பு', எண்டர். 'இரண்டு கம்பி வளைந்தது', எண்டர். 'பிடியில் பல் பதிந்த தடம்', எண்டர். ஜன்னலுக்கு வெளியே ஆள் பதறிக்கொண்டு நிற்கும்போது, பட்டியலை ஒரு ஓட்டு ஓட்டினாலே சாமான் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைவு.

போன வருடம் தலைமை அலுவலகம் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிலையத்தின் பட்டியலும் தினமும் காலையில் தானாகவே அங்கே போய்விடும். ஒரு வரிக்கு ஒரு சாமான் என்பது கணக்கு. இரண்டாவது வாரமே மேற்பார்வையாளர் நேரில் வந்து இறங்கினார். கூடவே நீளக் கம்பும் சாக்குமாக இன்னொருவர்.

"அக்கா, பாம்பு எங்க?"

"என்ன பாம்பு?"

மேற்பார்வையாளர் தாளை நீட்டினார். பொருள் எண் 1143: பாம்பு. 1144: பச்சை. 1145: வாலை இழுத்தால் தலையாட்டும்.

அக்கா அலமாரியிலிருந்து மர பொம்மை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து வாலை இழுத்தார். அது தலையாட்டியது. கம்புக்காரர் முதலில் ஒரு எட்டு பின்னால் போனார்; பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, மொத்தம் ஆயிரத்தெண்ணூறு சாமான்னு வந்திருக்கே. இந்த அறையில அவ்வளவு எங்க வைப்பீங்க?"

"நானூத்திப் பன்னெண்டுதான் சார். எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டுதான். 1620-ஆம் எண்ணில் 'கொடுத்தவர் லேசாக அழுதார்' என்று இருந்ததை மட்டும் மேற்பார்வையாளர் எந்த அலமாரியில் தேடுவது என்று கேட்கவில்லை.

தலைமை அலுவலகத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்தது வேறு யாருமில்லை, அக்காவின் நாத்தனார். ஒரே வீட்டில் மாடியில்தான் குடியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க தட்டுற எண்டரு சும்மா போறதில்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியா எழுத்தோட எழுத்தா உள்ளயே உக்காந்துக்குது. பட்டியல் எங்ககிட்ட வர்றப்போ, அந்தக் குறியப் பாத்தாலே அடுத்த சாமான்னு நெனச்சுக்குது."

"அப்போ நெனச்சுக்கிறதுதான் தப்பு. என் எண்டரு என்ன பண்ணுச்சு?"

நாத்தனார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மாடியேறினாள். மறுநாள் எண்டர்களையெல்லாம் ஒரே துடைப்பாகத் துடைத்தெடுத்துவிட்டாள். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் அக்காவின் திரையில் 'துணிப்பைநீலம்ஜிப்அறுந்ததுஉள்ளேமூக்குக்கண்ணாடி' என்று எல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றன. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் ஜன்னலில் நிற்க வேண்டியதாயிற்று. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அக்காவின் கணவர், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. பழைய பிரதியிலிருந்து எண்டர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள். பட்டியல் வெளியே போகும்போது மட்டும் ஒரு சாமானின் விவரத்துக்குள் வரும் ஒவ்வொரு எண்டருக்கும் பதிலாக ஓர் அடையாளம். தலைமை அலுவலகத் திரைக்கு வந்ததும் அது மறுபடி எண்டராகிவிடும். நல்ல யோசனைதான். ஆனாலும் எண்ணிக்கை எழுநூற்றுச் சொச்சத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"முன் ஜன்னல் கம்ப்யூட்டர்ல அடிச்சதெல்லாம் சரியா வருது அண்ணி. உள் அறையில இருக்கிற பழசுல அடிச்சது மட்டும் இன்னும் உடையுது. அதுல எண்டரு தட்டினா ஒரு குறிக்கு ரெண்டு குறி விழுது. ஒண்ண மாத்திட்டேன். இன்னொண்ணு எதுக்குன்னே புரியல, தொடாம விட்டுட்டேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீஸில் நாலு வருடம் டைப்ரைட்டர் தட்டியவர் அவர்.

"ரெண்டும் வேணும்தானே? டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா கம்பியத் தள்ளுவோம். ஒரே தள்ளுல ரெண்டு வேலை நடக்கும். தாள் சுத்துற உருளை ஆரம்பத்துக்கு வரும், அது ஒண்ணு. தாள் ஒரு வரி மேல ஏறும், அது ரெண்டு. உன் பழைய பொட்டி ரெண்டையும் தனித்தனியா எழுதி வைக்குதோ என்னவோ."

நாத்தனார் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"அடக் கடவுளே! அந்த ரெண்டேதான் அண்ணி! ரெண்டையும் ஒரு ஜோடியா எடுத்துக்கிட்டு ஒரே அடையாளம் போடணும். நான் பாதிய மட்டும் பிச்சுட்டு, மிச்சத்த வரி ஒடைக்க விட்டிருக்கேன்."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் 412 என்று வந்தது. நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். கூடத்திலிருந்து கணவர் தலையை நீட்டி, "சமாதானம் ஆயிடுச்சா? நான் சத்தத்தக் குறைக்கலாமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். ஒவ்வொரு சாமானும் அக்கா எழுதியபடியே வரிவரியாக நிற்கிறதாம், படிக்கவே சுகமாக இருக்கிறதாம். மற்ற நிலையங்களிலும் இப்படியே எழுதச் சொல்லி உத்தரவு போடப் போவதாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். ஜன்னலில் ஒரு கண்டக்டர் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இடதுகாலா, வலதுகாலா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா விசைப்பலகையை இழுத்தார்.