மேற்கு முகத்தின் நடுக்கோடு

பிற்பகல் இரண்டே கால் மணிக்கு அவர் எதிர்ச்சாரியில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று, கழுத்தை மெல்ல நிமிர்த்துவார். சாலைக்கு அப்பால் இருபத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடம். அதற்கு வளைவு கிடையாது, சிற்பம் கிடையாது, வண்ணமும் கிடையாது. அடியில் தூண்கள் மட்டும். அவற்றின்மேல் மாடிக்கொன்றாகக் கிடையாக ஓடும் கான்கிரீட் பட்டைகள். அவற்றைக் குறுக்கிட்டு உச்சிவரை செல்லும் அலுமினியச் சட்டங்கள். இரண்டுக்கும் நடுவே ஆளுயரக் கண்ணாடிச் சன்னல்கள். மேற்கு முகத்தில் மாடிக்குப் பதினான்கு வீதம் மொத்தம் முந்நூற்றெட்டு.

இப்படி அலங்காரமே இல்லாத கட்டடத்துக்கு நேர்கோடுதான் அழகு. அதை வரைந்த கட்டடக் கலைஞருக்கு அது தெரிந்திருந்தது. ஆகவே சாவியை ஒப்படைத்த நாளிலேயே ஒரு விதிப்புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். சன்னல் திரைகளுக்கு மேல்நிலை, நடுநிலை, கீழ்நிலை என மூன்றே நிலைகள். ஒரு முகத்தில் உள்ள அத்தனை திரைகளும் எந்நேரமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். மேற்கு முகம் பிற்பகல் இரண்டு மணி முதல் நடுநிலை. ஒரு திரை ஏறியிறங்கி நின்றாலும் பல் போன வாய்போல ஆகிவிடும் என்பது அவர் கருத்து.

அந்த வாயில் பல் போகாமல் காப்பதுதான் நம்மவரின் உத்தியோகம். இருபத்து மூன்று ஆண்டுகளாக அதையே செய்துவருகிறார். அலுவலகத்தில் அவருக்குத் ‘திரைக்காரர்’ என்று பெயர். இரண்டே காலுக்குக் கீழே நின்று பிசகிய சன்னல்களைக் குறித்துக்கொள்வார். பிறகு மின்தூக்கியில் உச்சிக்குப் போய், படி வழியாக மாடி மாடியாக இறங்கிச் சரிசெய்துகொண்டே வருவார். மூன்று மணிக்கு மேலாளர் கீழே வந்து பார்வையிடுவார். அப்போதும் திருந்தாத திரை ஏதும் இருந்தால் அது பதிவேட்டில் ஏறும்.

பேருந்துக்குக் காத்திருக்கும் புதியவர்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"என்னங்க மேலே? யாராவது குதிக்கப் போறாங்களா?" என்று ஒருவர் ஒருமுறை கேட்டார்.

"இருபத்து மூணு வருஷமா நானும் பாக்குறேன். ஒருத்தரும் குதிக்கலை. குதிச்சா நானாத்தான் இருக்கும்" என்றார் திரைக்காரர்.

வேடிக்கைக்காகச் சொன்னதுதான். ஆனால் முழங்கால் விஷயத்தில் அவருக்கு வேடிக்கை தீர்ந்து வெகுகாலமாயிற்று. ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை எடுக்கும். திரைக்கயிற்றை மாட்டும் பித்தளைக் கொக்கி தரையோரமாக இருப்பதால் ஒவ்வொரு சன்னலுக்கும் மண்டியிட வேண்டும். கயிற்றில் மூன்று முடிச்சுகள். நடு முடிச்சைக் கொக்கியில் மாட்டினால் நடுநிலை. மாட்டிவிட்டு எழும்போது முட்டிக்குள் யாரோ அப்பளம் நொறுக்குவதுபோல் சத்தம் வரும்.

அந்த மாதக் கடைசியில் கீழ்த்தள வரவேற்பு மேசைக்காரர் ஓய்வு பெறவிருந்தார். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. காலை முதல் மாலைவரை நாற்காலி. திரைக்காரர் ஆறு ஆண்டுகளாக அந்த நாற்காலிக்கு விண்ணப்பித்து வந்தார். இம்முறை மேலாளரே வாய் திறந்து சொன்னார்: "இந்த மாசம் முழுக்கப் பதிவேட்டில ஒரு குறைகூட ஏறாம பாத்துக்குங்க. அந்த இடம் உங்களுக்குத்தான்."

இருபத்து நான்கு நாட்கள் பதிவேடு வெள்ளையாகவே இருந்தது. அதற்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு சன்னல்: பதினொன்றாம் மாடியில் இடமிருந்து ஒன்பதாவது. அங்கே விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஒரு பெண் இருந்தார், நாற்பது வயதிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் கண்ணில் அறுவை செய்துகொண்டவர். புதிதாக வந்த அலமாரிகளுக்கு இடம் விட வேண்டி, அவருடைய மேசையைத் தூணுக்கும் சன்னலுக்கும் இடையே மேற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவர் நாள்தோறும் தம் திரையை நடுநிலைக்கு ஒரு சாண் கீழே இழுத்து ஊசி குத்தி வைப்பார். திரைக்காரர் நாள்தோறும் ஊசியைப் பிடுங்குவார்.

"அண்ணே, வெயில் கண்ணுல குத்துதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கருப்புக் கண்ணாடி போட்டுக்கம்மா."

"போட்டா எழுத்து தெரியாது. நீங்க வந்து படிச்சுக் காட்டுறீங்களா?"

"அப்ப முழுசா இறக்கச் சொல்லி மேலே எழுதிக் குடு."

"எழுதினேன். ஒரு கண்ணுக்காக முந்நூத்தெட்டு ஸ்க்ரீனை இறக்க முடியாதுன்னு பதில் வந்துச்சு. மேசையையும் நகர்த்த இடமில்லையாம். போங்க, புடுங்கிட்டுப் போங்க. உங்களுக்கு ஊசியாவது மிச்சம்."

அந்தப் பெண் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் வகை எனத் திரைக்காரர் தமக்குள் முடிவு கட்டியிருந்தார். இன்னும் சில நாட்கள்தானே என்று ஊசிகளைச் சட்டைப் பையில் சேர்த்து வந்தார்.

இருபத்தைந்தாம் நாள் அவர் போனபோது அந்தப் பெண் இருக்கையில் இல்லை. கண் மருத்துவரிடம் போயிருப்பதாகப் பக்கத்து மேசையில் சொன்னார்கள். திரை வழக்கம்போல் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. மண்டியிட்டு, ஊசியைப் பிடுங்கி, நடு முடிச்சைக் கொக்கியில் மாட்டினார். எழுந்திருக்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பற்றி ஒருவாறு எழுந்து, கையெட்டும் தூரத்தில் இருந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதன் வழியாக வந்த வெயில், திரையின் அடிவிளிம்புக்குக் கீழே நுழைந்து நேராக அவர் கண்ணில் இறங்கியது. தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அலமாரி, ஒதுங்க வழியில்லை. மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தில் ஒரு வரி படிக்க முயன்றார். எழுத்துகளுக்குப் பதில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் நீந்தின. இருபத்து மூன்று ஆண்டுகள் இந்தக் கட்டடத்தின் முகத்தை வெளியே நின்றே பார்த்தவர் அவர். அந்த முகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்தது அதுவே முதல் தடவை.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மண்டியிட்டார். நடு முடிச்சை அவிழ்த்துத் திரையை ஒரு சாண் இறக்கி, கயிற்றில் வேறிடத்தில் முடிச்சிட்டு மாட்டினார். மூன்று மணிக்குப் பதிவேட்டைத் தாமே எடுத்துத் தம் வழக்கமான மணி மணியான எழுத்தில் எழுதினார்: ‘பதினொன்றாம் மாடி, ஒன்பதாம் சன்னல். நடுநிலைக்கு ஒரு சாண் தாழ்வு. தாழ்த்தியது நான்.’

மேலாளர் இரண்டு முறை படித்தார். "என்னங்க இது? திருடனே வந்து புகார் எழுதுற மாதிரி இருக்கு."

"நடந்ததுதான் சார்."

"உங்களுக்கு நாற்காலி வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்ப இந்த வரியை நான் அடிச்சுடறேன். நீங்க போய் அதைப் பழையபடி ஏத்திடுங்க. இன்னும் அஞ்சே நாள்."

"அந்தச் சீட்டுல உட்கார்ந்து பாத்தேன் சார். ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற எனக்கே முடியலை."

"அதுக்காக ஒண்ணு மட்டும் கோணலா நிக்கலாமா? விதின்னு ஒண்ணு இருக்கே."

திரைக்காரர் அந்த விதிப்புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவர். "விதியில நடுநிலைன்னுதான் சார் இருக்கு. எத்தனை அங்குலம்னு எங்கேயும் இல்லை. எனக்கு முந்தி இருந்தவர் ஒரு குச்சியை வெச்சு அளந்து கட்டினதுதான் இப்ப இருக்கிற அளவு. மேற்குல எல்லாத்தையும் ஒரு சாண் இறக்கிட்டா எல்லாம் ஒரே நேர்தான். ஒருநாளைக்கு ரெண்டு மாடி. மேலேயிருந்து வரிசையா இறங்கினா பதினோரு நாள்ல முடிச்சுடுவேன்."

மேலாளர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இல்லைதான். புத்தகத்தை மூடி வைத்தார். "சரி, நேரா இருந்தா எனக்குப் போதும். ஆனா ஒண்ணு. ஒண்ணாம் தேதி அந்த நாற்காலியில ஆள் உட்காரணும். உட்கார்ந்தவர் எழுந்து மாடிக்குப் போக முடியாது. வேற ஆளை விட்டா முடிச்சு ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது, நீங்கதான் கட்டணும். லிஃப்ட்காரரும் முதுகுவலின்னு அந்த இடத்துக்கு மனு போட்டிருக்காரு. ரெண்டுல ஒண்ணு காலையில சொல்லுங்க."

வீட்டில் மனைவி அவர் காலை மணையில் தூக்கி வைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மனைவி ஆடை தைக்கும் கூடத்தில் பொத்தான் வைப்பவர். அவருக்குக் கழுத்து போயிருந்தது. ஆளுக்கொன்றைப் பங்கு போட்டுக்கொண்டோம் என்பார். நடந்ததைக் கேட்டதும் துணியைப் பிழிந்தபடியே சிரித்தார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. நீங்க சூரியனைப் பாத்ததே இன்னைக்குத்தானா?"

"கிண்டல் பண்ணாதே. என்ன செய்யட்டும், சொல்லு."

"ஏங்க, அந்தப் பொண்ணு ஒரு மாசமா வாயால சொல்லுச்சு. கேட்டீங்களா? நாற்காலி சொன்னதும் கேட்டீங்க. இப்ப நான் சொன்னா மட்டும் கேக்கப் போறீங்களாக்கும்."

"சொல்லேன்."

"நாற்காலியை எடுத்துக்குங்கன்னு சொல்லணும்னு இருக்கு" என்றார் மனைவி. பிறகு துணியை மறுபடியும் மறுபடியும் நனைத்துப் பிழிந்து முட்டியில் வைத்தார். தண்ணீர் ஆறிப்போயிற்று. "ஆனா எடுத்துக்கிட்டா அங்கே உட்கார்ந்து பதினொண்ணாம் மாடியைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பீங்க. வீட்டுல வந்து அதையே புலம்புவீங்க. அதைக் கேக்கற தெம்பு எனக்கு இல்லை."

காலையில் அவர் மேலாளரிடம் சொல்லிவிட்டு இருபத்திரண்டாம் மாடிக்குப் போனார். மண்டியிடுவது, நடு முடிச்சை அவிழ்ப்பது, அளவுக்குச்சியை வைப்பது, புது முடிச்சு, இழுத்துப் பார்ப்பது, எழுவது. முதல் நாளே இருபத்தெட்டு. மறுநாள் முதல் ஒரு மடித்த கோணியைக் கையோடு எடுத்துப் போனார். இருக்கைக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "எங்களுக்கு வெளிச்சம் குறையுதே" என்றார் ஒருவர். "விளக்கு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சன்னலுக்கு நகர்ந்தார். பிற்பகலில் கீழே நின்று பார்த்தபோது, உச்சி மாடிகளின் கோடு மட்டும் சற்றே தாழ்ந்து, நாளுக்கு இரண்டு மாடியாகக் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள் பதினொன்றாம் மாடியை எட்டினார். அன்று காலையிலேயே லிஃப்ட்காரர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து முதல் சீட்டை எழுதியிருந்தார். இவரைக் கண்டதும் குனிந்து எதையோ தேடினார். இவர்தான் வலியப் போய், "பின்பக்கம் ஒரு தலையணை வெச்சுக்குங்க, முதுகுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார்.

எட்டாவது சன்னலில் முடிச்சிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எழுந்து வந்தார்.

"அண்ணே, என்னோடதுதான் கோணல்னு ஒரு மாசமாச் சொன்னீங்க."

"இப்ப மத்ததுதான் கோணல். மொத்தம் முந்நூத்தியேழு. அதுல இன்னும் நூத்தி நாப்பத்தஞ்சு இருக்கு."

"கீழே அந்த இடம் லிஃப்ட்காரருக்குப் போயிடுச்சாமே. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா ஊசி குத்தாம இருந்திருப்பியா?"

அவர் யோசித்தார். "இல்லை. குத்தித்தான் இருப்பேன்."

"பின்னே என்ன? கையைக் குடு."

அந்தப் பெண் கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். திரைக்காரர் கோணியை உதறி மடித்து, சரியாகவே நின்றிருந்த ஒன்பதாம் சன்னலைத் தாண்டிப் பத்தாவதுக்குப் போய், அதை மறுபடியும் தரையில் விரித்தார்.