பெயர் சொல்ல மறுத்த டாக்டர் பாக்கியம்

பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் மேரி அன்று கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். "நம்ம டாக்டரம்மை போயாச்சு. விடியக்காலம் ஆக்கும்," என்றாள். எதிர்பார்த்த செய்திதான். முந்தின நாள் வரை அவர் கட்டிலருகே இருந்துவிட்டுத்தான் பாறசாலைக்குத் திரும்பியிருந்தேன். இருந்தாலும் மேரி போன பிறகு கதவைச் சாத்தத் தோன்றாமல் நின்றேன்.

டாக்டர் பாக்கியத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் புனிதவதியாக்கிப் பேசினார்கள். அவர் அப்படி இல்லை. கோபக்காரர். நர்சுகளை அழவைப்பார், பிறகு தன் சோற்றுப் பாத்திரத்தை அவர்கள் பக்கம் தள்ளிவைப்பார். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டார். மதராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த என்னோடும் முதல் வாரமே சண்டை போட்டார்.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஜெபத்தில் உபதேசியார் ஒவ்வொரு நோயாளியின் பெயர், ஊர், நோய் மூன்றையும் உரக்கச் சொல்லி ஜெபிப்பார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அதே ஜெபம். அன்பினால் செய்ததுதான். ஆனால் ஆரியங்கோட்டுப் பெண் ஒருத்திக்குக் காசநோய் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. மறுநாளே டாக்டர் பாக்கியம் அந்த வழக்கத்தை நிறுத்தினார். "பேரில்லாத ஜெபம் யாருக்குன்னு போய்ச் சேரும்?" என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டார். "ஆண்டவருக்கு நாம விலாசம் சொல்லிக் குடுக்கண்டாம்," என்றார் டாக்டர்.

பிறகு எல்லைக் கிளர்ச்சி வந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்கள் தடியடிபட்டு எங்களிடம் வந்தார்கள். கல்லடிபட்ட போலீஸ்காரர்களும் வந்தார்கள். போலீஸ்காரனுக்கு மருந்து போடக் கூடாது என்று வாசலில் கூடிய இளைஞர்களிடம், "எலே, வழியை விடு. ரத்தம் எந்தப் பாஷையில ஒழுகுதுன்னு பார்க்க எனக்கு நேரமில்லை," என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஊர்வலத்தில் போன குன்னத்துகால் தங்கையனின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட காலை அசைத்து லாக்கப்புக்குக் கொண்டுபோனால் கால் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் மனம் பொறுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, பழைய பழக்கத்தில் சபை முழுக்கக் கேட்க ஜெபித்துவிட்டார்: "எங்க ஆஸ்பத்திரியில கால் ஒடிஞ்சு கிடக்கிற குன்னத்துகால் தங்கையனைத் தொட்டருளும் ஆண்டவரே!"

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். உபதேசியார் மருந்தறைக்குள் நின்று தேம்பினார். டாக்டர் பாக்கியம் வார்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில்.

"தங்கையன் உள்ளே உண்டோ?"

"உள்ளே யாரு உண்டு, என்ன நோவுன்னு நான் சொல்லுறதில்லை."

"சபையில எல்லாரும் கேட்டாச்சே!"

"அப்போ சபையில போய்த் தேடும், சாரே."

மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதும். என் பேரைப் பிழையில்லாம எழுதும்," என்ற டாக்டர், பின்னால் நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்தார். "உம்ம ஆட்களும் இங்க வந்து மருந்து வாங்குறது உண்டு. யாரு யாரு, என்னென்னத்துக்குன்னு சொல்லட்டா?"

ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார். இன்னொருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலில் இருவரைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

"அது மிரட்டல் இல்லையா?" என்று பிறகு நான் கேட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

"மிரட்டல் ஆக்கும். ஆனா நான் சொல்லமாட்டேன்னு அவருக்குத் தெரியாதே!" என்று சிரித்தார்.

கட்டை அவிழ்க்கும் நாள் வரை தங்கையன் எங்கள் வார்டில்தான் இருந்தான். அதன் பிறகு கைதானான். அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் போலீஸ் வண்டிவரை தன் இரண்டு கால்களால் நடந்துபோனான்.

அரசாங்கத்தோடு மோதியதற்காக வருத்தம் தெரிவிக்கும்படி கமிட்டி டாக்டரைக் கேட்டது. மறுத்தார். வேலையை விட்டுப் பொழியூருக்குப் போய் ஓலைக்கூரைக்கடியில் வைத்தியம் பார்த்தார். நானும் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் போனா இந்த வார்டுல வாயை மூடிக்கிட்டு இருக்க யாரு உண்டு?" என்று தடுத்துவிட்டார்.

எல்லைக்கோடு இப்போது போட்டாகிவிட்டது. நாங்கள் தமிழ்நாட்டில் சேராமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். அதை ஏற்காதவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோட்டுக்கு எந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டரும் வார்டு வாசலில் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பார்; பதிலும் ஒன்றுதான்.

அடக்க ஆராதனையில், அன்று அவரை வருத்தம் தெரிவிக்கச் சொன்ன கமிட்டியைச் சேர்ந்த பெரியவர் என்னிடம் வந்தார். இரங்கல் உரையில் சேர்க்க வேண்டுமாம்: "டாக்டரம்மைக்கு என்ன நோவு? நீங்கதானே பார்த்தீங்க?" இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர்களும் அதைத்தான் கேட்டார்கள். இறந்தவரின் நோயைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார்கள்.

டாக்டர் பாக்கியத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அவர் என் நோயாளி. நான் சொல்லப்போவதில்லை.