தலைமாட்டுக் குச்சி

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத் திசை பார்த்துக் கொடுத்தவர் என் பெரியப்பா. மீமிசல் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே, கண்மாய்க்கரையை ஒட்டி இருபத்தைந்து வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகள், ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில். சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், சாவு விழுந்தால் அடக்கம் செய்வதும் உபதேசியாரான பெரியப்பாதான். குழி வெட்டுமுன் மேற்குப் பக்கம் ஒரு பூவரசங்குச்சியை நட்டு, "இங்கிட்டுத் தலை, அங்கிட்டுக் காலு" என்பார். கடைசி நாளில் ஆண்டவர் கிழக்கேயிருந்து வருவார், எழுந்து உட்காருகிறவன் அவரை நேராகப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த வாரக் கல்யாணத்துக்குப் பந்தியில் இடம் போடுகிறவர் மாதிரிதான் அதைச் சொல்வார்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது நடந்த கார்த்திகையில், மூன்று நாள் காய்ச்சலில் அவரே போய்விட்டார். பிள்ளை இல்லாத வீடு. பெரியம்மா அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயாடி. அன்றும் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அம்மா என் கையைக் கிள்ளி, "இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் வாயத் தொறக்காம இரு" என்றாள். பிறந்ததிலிருந்து அம்மா சொல்லை நான் அப்படியே கேட்டது அந்த ஒரு நாள்தான்.

மழை விடவில்லை. சவப்பெட்டியைத் தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் செய்வது வழக்கம். ஆசாரி அவசரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அடித்துவிட்டார். மூடிக்கு ஆணி அடிக்கும்போது நான் தலைமாட்டில் நின்றேன். பெரியப்பாவின் நெற்றிக்கு மேலே ஓர் ஆணி பாதியில் கோணிக்கொண்டது; அதை அப்படியே விட்டுவிட்டார்கள். கண்மாய்த் தண்ணீர் பாதையை அறுத்திருந்ததால், தூக்கியவர்கள் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் பின்பக்கமாக வந்தார்கள். வந்த வாக்கிலேயே பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். கோணல் ஆணி கிழக்கே போனது.

தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் கால். இதையெல்லாம் கவனிக்கிற ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா பார்த்தாள். மூடிக்கொண்டேன். மண் விழுந்தது.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கடைசி நாள் வந்தது. ஊரே எழுந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்க, பெரியப்பா மட்டும் ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "ஆணிய நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். என்னைத் திட்டவில்லை. மாட்டுக்கொட்டகையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். பட்டப்பகலில் அவள் பெரியப்பாவின் குழிமேல் முதல் வெட்டுப் போட்டாள். ஈரமண் பெயர்கிற அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் போட்ட கூச்சலில் அப்பாவும் நாலைந்து பேரும் ஓடி வந்தார்கள். அப்பாதான் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தார்.

"என்ன காரியம் பண்றீங்க மதினி?"

"விடுங்க தம்பி. ஊரு பூராத்தையும் ஒழுங்காப் படுக்க வச்சாக. அவுகள மட்டும் நாம முதுகு காட்ட வச்சுட்டமே."

ஆள் அனுப்பி மறுநாளே சாமியாரை வரவழைத்தார்கள். திட்டப்போகிறார் என்று நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அரைகுறையாய்த் தோண்டிய மண்ணைக் காலால் தள்ளி மூடினார்.

"எங்களாட்டம் சாமியாரை இப்படித்தாம்மா வைப்பாங்க, தலை கெழக்க. எழுந்ததும் தன் சனங்க முகத்தப் பாக்கணும்னு. உபதேசியாருக்கு அந்த மரியாதை தகும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இதெல்லாம் வழக்கந்தான். சேசு எந்தப் பக்கம் தலைவச்சுக் கெடந்தாருன்னு யாரும் எழுதி வைக்கல. எழுந்தாருன்னுதான் எழுதியிருக்கு. நம்ம நம்பிக்கைக்கு அது போதும்" என்றார்.

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. தப்பாகப் புதைத்தவர்களே வேண்டுமென்று அப்படி வைத்தது போலப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பெரியம்மா போகவில்லை. குழியின் மேற்கு ஓரத்துக்குப் போனாள். பெரியப்பாவின் கால் இருக்கிற இடம் அது. அங்கிருந்து மேற்கே அடிமேல் அடி வைத்து ஓர் ஆள் நீளம் அளந்தாள். பூவரசில் ஒரு குச்சியை ஒடித்து அந்தக் கடைசியில் நட்டாள். அந்தக் குச்சிக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"யாருக்குப் பெரியம்மா?"

"எனக்குத்தான்."

முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அவளுக்கு. பெரியப்பாவைத் தொலைத்த வாரத்திலேயே இவளையும் தொலைக்கப் போகிறேன், அதுவும் என் வாயால் வந்தது என்று நடுங்கிப்போனேன். எல்லாம் அந்த ஆணியைப் பற்றிச் சொன்னதால் வந்த வினை. அன்று சாயங்காலமே குச்சியைப் பிடுங்கிக் கண்மாயில் எறிந்தேன். மறுநாள் புதுக்குச்சி நின்றது. அதையும் எறிந்தேன். ஒரு வாரம் அவள் நட, நான் பிடுங்க. கடைசியில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"ஏண்டி, குச்சியப் புடுங்கிட்டா நான் சாகாம இருந்துருவனா?"

நான் கேவிக் கேவி அழுதேன். அவளோ சிரித்தாள். பெரியப்பா போனபின் அவள் சிரித்தது அன்றுதான். இந்த நேரத்தில் எப்படிச் சிரிக்கிறாள் என்று அதற்கும் திகைத்தேன். "என்னைய எல்லாரையும் மாதிரியே வைக்கணும், தலை மேக்க, காலு கெழக்க. எடம் மட்டும் இதுதான். நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் இருந்தாள். அவளை அடக்கம் செய்த அன்று இடத்தைக் காட்டியது நான்தான். எந்தப் பக்கம் தலை என்பதையும் ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பெட்டி இறங்கியபோதுதான் கவனித்தேன். அவர் காலும் இவள் காலும் கிட்டக் கிட்ட. இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தால் அவருக்கு எதிரே இவள் முகம். இவளுக்கு எதிரே அவர் முகம், அவர் தோளுக்குப் பின்னால் கிழக்கு.

சாவதற்கு இடம் பிடிக்கிறாள் என்று ஒரு வாரம் குச்சி பிடுங்கினேன். எழுந்திருப்பதற்கு அல்லவா அவள் இடம் பிடித்திருக்கிறாள்.