அக்கரையோடு சேரமாட்டோம்

எங்கள் எஸ்டேட்டையும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த எஸ்டேட்டையும் ஒரே கம்பெனி வாங்கிவிட்டது என்று கேள்விப்பட்டபோது, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் வாங்கினாலும் கொழுந்து கிள்ளத்தானே போகிறோம் என்றார்கள். இரண்டு எஸ்டேட்டின் கால்பந்து அணிகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த மாலைதான் குழாயடியில் கூட்டம் கூடியது.

பீர்மேட்டு மலைகளில் எங்கள் எஸ்டேட் மிகச் சிறியது. வருடத்துக்கு ஒரு தடவை, பெருமழை ஓய்ந்ததும், அக்கரைக்காரர்களோடு ஆட்டம் நடக்கும். அந்த ஒரு நாளுக்காக எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு போய்ச் சரிவை வெட்டிச் சமன் செய்து மைதானம் உண்டாக்கியிருந்தார்கள். அப்படியும் ஒரு பக்கம் சாய்வுதான். பந்து தேயிலைக்குள் உருண்டுவிட்டால் மேலே நிற்கும் பெண்கள் எடுத்துப் போடுவார்கள். எங்களுக்கு என்றால் உடனே வரும். அக்கரைக்காரனுக்கு என்றால் பந்தைக் காணவே காணோம் என்பார்கள்.

லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்திதான் முதலில் பேசினார்.

"ஏலே தம்பி, ரெண்டு பேரும் ஒரே சட்டையப் போட்டுக்கிட்டு ஆடுனா நான் யாரப் பாத்து ஏசுவேன்?"

"ஏசலன்னா ஒனக்குச் சோறு எறங்காதே," என்றார் ஒருவர்.

என் அண்ணன் சிரிக்கவில்லை. அவன் எங்கள் அணியில் கோல் காக்கும் கோலி. "அக்கரைக் கோலி பனை மாதிரி நிக்கான். சேத்தா எனக்கு எடம் ஏது?" என்றான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேலை நிரந்தரமாகவில்லை.

"நீதாம்ல தொரைகிட்டப் பேசணும். ஒனக்குத்தான் அந்தப் பாசை தெரியும்," என்றார் சித்தி.

மறுநாள் எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் மேஜைக்கு முன்னால் நின்றபோது நான் மனப்பாடம் செய்துகொண்டு போன ஆங்கிலம் பாதியில் தொலைந்துபோனது. லயத்து மக்கள் தங்கள் அணியைத் தனியாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். தொரை இளவயதுக்காரர், பந்தாட்டத்தில் பிரியமுள்ளவர். அது அவர்களுடைய விருப்பமா, உன்னுடையதா என்று கேட்டார். அவர்களுடையது என்றேன். அப்படியானால் நாளைப் பெரட்டில் அவர்களையே கேட்டுவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஹெட் கிளார்க் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர். இரண்டு அணிகளையும் சேர்க்கும் யோசனை அவருடையதுதான்.

"எடோ தம்பி, நீ கம்பெனிக்குக் கிளார்க்கோ, லயத்துக்கு வக்கீலோ?"

நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன்.

விடியற்காலைத் தூறலில் ஆட்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவரவர் கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். இப்படி நிறுத்திப் பேர் எடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். தொரை ஆங்கிலத்தில் சொன்னதை நான் உரக்கத் தமிழில் சொன்னேன். அணி தனியாகவே இருக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் ஓரடி முன்னால் வரலாம்.

ஒரு கால்கூட அசையவில்லை.

குழாயடியில் அவ்வளவு கத்தியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனும் அப்படியே நின்றான். தொரை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அந்தப் பார்வை சொல்லிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரட்டில் வரிசையை விட்டு முன்னால் வருகிறவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லையென்றால் புகார்க்காரன். இருவருக்குமே அன்று அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் கூலி. பிறந்ததிலிருந்து இந்தக் களத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பேனா பிடித்த சில மாதங்களில் அது மறந்துபோயிருந்தது.

"கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள், சார்," என்று தொரையிடம் சொன்னேன். "சேர்ந்த அணி வேண்டும் என்பவர்கள் முன்னால் வரட்டும்."

கேட்டார். அதற்கும் ஒருவர் வரவில்லை. சேர்ப்பதற்கு ஆசைப்பட்ட ஒரு கங்காணி காலைத் தூக்கினார், ஹெட் கிளார்க்கைப் பார்த்தார், மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.

தொரைக்கு எரிச்சல் வந்துவிட்டது. இவர்களுக்கு எந்த அணியும் வேண்டாம் என்றால் அந்த மைதானத்தில் நாற்றங்கால் போட்டுவிடலாம் என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஹெட் கிளார்க்கே சொன்னார், நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சித்தி. கால் நகரவில்லை, தலையில் கிடந்த சாக்கும் விலகவில்லை.

"தம்பி, தொரைகிட்டச் சொல்லுலே. பெரட்டுல கேட்டா எவளுக்கு வாயி வரும்? ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வந்து கேக்கச் சொல்லு. அங்க அரைப்பேரு கெடையாதுல்லா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அரைப்பேர் விஷயத்தையும் சேர்த்துத்தான். தொரை ஹெட் கிளார்க்கிடம் ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். தொரையின் முகம் சிவந்தது, கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

ஞாயிறு வரும்வரை ஆபீசில் எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. "ஒரு பந்துக்காவயா ஒன்னயப் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா. மழை வந்துவிடுமோ என்று பயந்தேன். மழை வராமலிருந்தும் ஆட்கள் வராமல் போனால் என்ன செய்வது என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

வந்தார்கள். தொரை கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், தனி அணிதான் என்று அந்தச் சரிவே கத்தியது. அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அணி தனியாகவே இருக்கட்டும், ஆட்களையும் நீங்களே தேர்ந்தெடுங்கள், ஆனால் இந்த வருடம் தோற்றால் அடுத்த வருடம் ஒரே அணிதான் என்றார்.

அவர் போனதும் அங்கேயே உட்கார்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கோலி யார் என்ற பேச்சு வந்தது. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் ஒரு நெட்டைப் பையனை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சித்திதான் வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதலே, மக்கா. ஒசரத்துல வார பந்து ஒனக்கு எட்டாது. தோத்தா எல்லாம் போச்சுல்லா?"

அண்ணன் வெகுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் பேசினால் தம்பிக்காரன் பேச்சு என்பார்கள்.

"அவனே நிக்கட்டும்," என்றான் கடைசியில். "பந்தக் கையால பிடிக்கச் சொல்லுங்க. நெஞ்சால பிடிக்கான் முட்டாப்பய."

மறுநாளிலிருந்து வேலை விட்டதும் அந்தப் பையனை நிறுத்திவைத்து இருட்டும்வரை பந்து உதைத்தான். வீட்டில் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

ஆட்டத்தன்று எனக்கு ஞாபகம் இருப்பது மிகக் கொஞ்சம். பந்து எங்கள் பக்கம் வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். ஊதல் கேட்டு ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அப்படி ஆனால் என்ன என்று தொரை சொல்லியிருக்கவில்லை. அவர் கைகுலுக்கிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

"நாளைக்குப் போய் அவர்கிட்டக் கேட்டுட்டு வரட்டுமா?" என்றேன் சித்தியிடம்.

"வாயப் பொத்திக்கிட்டு இரு," என்றார். "கேட்டாத்தான பதிலு வரும்."

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே ஆட்கள் மண்வெட்டியோடு மைதானத்துக்கு வந்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து சாய்வான பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தான். பங்களாப் பக்கம் குதிரைச் சத்தம் கேட்டபோதெல்லாம் எல்லோரும் கையை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்தோம்.