இரண்டு சதுரம், ஒரே டப்பா

நோம்பித் திருவிழாவுக்காக வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கிறோம். சந்தனமா, க்ரீமா என்று அம்மா மூன்று நாளாக முடிவு செய்யவில்லை. இன்று சொல்லாவிட்டால் பெயின்டர் அண்ணன் வேறு வேலைக்கு அன்னூர் போய்விடுவார்.

மாதிரிக்குச் சுவரில் இரண்டையும் அடித்துக் காட்டும்படி அம்மா என்னிடம் சொன்னார். நான் குறும்பாக, இரண்டு சதுரத்தையும் சந்தன டப்பாவிலேயே தொட்டு அடித்துவிட்டேன்.

அம்மா வாசலில் நின்றபடியே பார்த்தார்.

“ரெண்டும் சந்தனம்தான் கண்ணு. வலது பக்கம் ஒரு கோட்டு கம்மி.”

வலது சதுரத்துக்கு இரண்டாவது கோட்டு, அதாவது மேல்பூச்சு, அடிக்கச் சோம்பல்பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெயின்டர் அண்ணன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “நானே ஏமாந்திருப்பேனுங்க்கா” என்றார்.

“ரெண்டு தடவ பாத்தாச்சுங்க, சந்தனமே இருக்கட்டும். மொதக் கோட்டு எம்பையன் அடிச்சுப்போடுவான்.”

நான்கு சுவரையும் முடித்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவை ஏமாற்ற முடிந்தவர்கள் யாராவது இருந்தால், வழி சொல்லுங்கள்.