சிரப்பம்மாவின் மூக்கு

எலுமிச்சம்பழத்தின் தோலைச் சீவிக்கொண்டிருக்கும்போது சிரப்பம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினாலும் அடியிலிருக்கும் வெள்ளை கூடவே வந்துவிடும். வெள்ளை வந்தால் கசப்பு வரும். மஞ்சளை மட்டும் சுருள்சுருளாகச் சீவி, சர்க்கரையில் போட்டுக் கையால் பிசைந்து, ஈரத்துணியால் மூடிவைத்த பிறகுதான் நிமிர்வாள். "இப்பச் சொல்லு, என்ன கேட்ட?" என்பாள். கேட்டவர் அதற்குள் மறந்திருப்பார்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் சிரப்பம்மா. வீட்டுக்கு யார் வந்தாலும் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்கும் வழக்கம் கிடையாது. "மஞ்சளா, ஆரஞ்சா?" என்றுதான் கேட்பாள். மஞ்சள் என்றால் சோடாவில் எலுமிச்சைச் சிரப்பு, மேலே இரண்டு ஐஸ் துண்டு. ஆரஞ்சு என்றால் பால் சேர்க்காத ஆறிய தேநீரில் ஆரஞ்சுச் சிரப்பு. கொஞ்சம் வேண்டியவர்களாக இருந்தால், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கேக்கை ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் அங்கங்கே குத்தி, சிரப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றி ஊறவைத்துக் கொடுப்பாள். தெருமுனை பேக்கரியின் எலுமிச்சை கேக்குக்கு அந்த வட்டாரத்தில் இருந்த நல்ல பெயரில் பாதி அவளுடையது. வாராவாரம் அவளிடமிருந்துதான் அங்கே பாட்டில்கள் போயின.

சிரப்பு கொதிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. "கொதிச்சா அது கஷாயம். ஓரத்துல ஒரு குமிழி எட்டிப் பாத்ததும் இறக்கிடணும்." அந்தக் குமிழியை அவள் பார்த்ததே இல்லை. பாத்திரத்தைச் சிறுதீயில் வைத்துவிட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். திடீரென்று கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். "வாசனை கூப்பிட்டுச்சு" என்பாள். சரியாக அப்போதுதான் குமிழி எழுந்திருக்கும்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாந்தமான மனிதர். அவரிடம் எதைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லாருக்கு." சாப்பாட்டுக்கும் அதுதான், புதுச் சட்டைக்கும் அதுதான். மச்சான் போட்டோ ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட, கண் மூடிய படத்துக்கும் அதையே சொன்னார். "இவருக்கு நாக்குக்குப் பதிலா ரப்பர் முத்திரையை வச்சுப் படைச்சுட்டாங்க" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்து போனதுதான். உடம்பு தேறியது, சளி விட்டது. மூக்கு அடைத்த மாதிரியே இருப்பது மட்டும் போகவில்லை. ஒரு காலை அடுப்புக்கு நேர் எதிரே நின்று கிளறிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "அம்மா, என்னமோ தீயுதே, பாக்கலியா?" என்று கேட்டாள். அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பாத்திரத்தின் அடி கறுப்பாக இருந்தது.

டாக்டர் நல்ல மாதிரிதான். "வாசனை திரும்ப வரலாம். வராமலும் போகலாம்" என்றார். நாக்கும் கூடவே போயிருந்தது. இனிப்பு இல்லை, கசப்பு இல்லை. புளிப்பில் மிஞ்சியது பல்கூச்சம் மட்டும். கணவரைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. "ஊருக்குச் சொன்னா துக்கம் விசாரிக்க வருவாங்க" என்றாள்.

சிரப்பு காய்ச்சுவதையும் விடவில்லை. பால்கனிக்குப் போகாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்பருகிலேயே குமிழிக்காகக் காத்திருந்தாள். இறக்கியதும் கணவரைக் கூப்பிட்டு ஒரு கரண்டி நீட்டுவாள். அவர் விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு" என்பார். முன்பு கேலி செய்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆண்டு முழுவதும் அவள் பாட்டில்களை நிரப்பினாள். அவரே வேனில் எடுத்துப்போய் பேக்கரியில் கொடுத்துவிட்டு வருவார்.

ஒரு வாரம் அவருக்குப் பல்வலி. கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். மைதா கொண்டுவருகிறவன் என்று நினைத்து, திரும்பாமலே, "உள்ள வச்சிட்டுப் போப்பா" என்றார். அவள் சரக்கறைக்குள் போனாள். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் அவளுடைய பாட்டில்கள் வரிசையாக நின்றன. கழுத்தில் அவள் கட்டிய நூல் அவிழவில்லை. மூடிக்கடியில் அவள் வைத்த எண்ணெய்த்தாள் கசங்கவில்லை. சில பாட்டில்களின் தோளில் மாவு படிந்திருந்தது. பக்கத்தில், பாதி தீர்ந்த நிலையில், கம்பெனிச் சிரப்பு கேன் ஒன்று.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா... நீங்களா?"

"தூக்கிப் போட்டிருக்கலாமே, தம்பி."

"மனசு வரலக்கா. அண்ணன்தான் கேட்டுக்கிட்டாரு. வாங்கி வச்சுக்க, எதுவும் சொல்லிடாதன்னாரு."

"என்னா கொறை?"

அவர் தரையைப் பார்த்தார். "கசந்துச்சுக்கா. ஒருதடவை அடிப்பிடிச்ச வாடை. கேக்கெல்லாம் திரும்பி வந்துடுச்சு."

அவள் தலையாட்டினாள். ஒரு ஆட்டோ வரவழைத்துத் தரச் சொன்னாள்.

பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நூலை அவிழ்த்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "மாடிப்படி வரைக்கும் மணக்குதும்மா" என்றாள். சிரப்பம்மாவுக்குக் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். காலிப் பாட்டில்களைப் பார்த்தார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"எப்பலேருந்து கசந்துச்சு?" என்றாள்.

"காய்ச்சலுக்கப்புறம்... எல்லாமேதான்."

"எல்லாத்தையும் முழுங்குனீங்க."

"நீ கரண்டியை நீட்டிட்டு என் மூஞ்சியவே பாப்ப. வேற என்ன சொல்லச் சொல்ற?"

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கடைசிப் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "இப்ப வீடு பூரா மணக்குதாமே. எப்படி மணக்குது, சொல்லுங்க."

"எலுமிச்ச வாசனை."

"அதான் எப்படி இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு. நெஞ்சுக்குள்ள தேடித் தேடிப் பாக்கறேன், பேரு மட்டும்தான் கிடைக்குது."

அவர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வேறொரு சொல்லைத் தேடினார். தட்டத்தில் காலையில் சீவிய தோல்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அவள் முகத்தருகே கொண்டுபோய் இரண்டு விரலால் மடக்கிப் பிழிந்தார்.

தோலிலிருந்து எண்ணெய் பொடித்தூறலாகச் சிதறி அவள் இடது கண்ணில் விழுந்தது. சுருக்கென்று எரிந்தது. "ஐயையோ, கண்ணுல பட்டுடுச்சா?" என்று அவர் பதறித் துண்டை எடுத்தார். அவள் அந்தக் கையை விலக்கினாள். கண் சிவந்து நீர் கோத்து வழிந்தது. துடைக்காமல், அந்த எரிச்சலை விட்டுவிட மனமில்லாதவள்போல அசையாமல் நின்றாள்.

பிறகு அவர் விரல்களிலிருந்து தோலை வாங்கி, வலது கண்ணை அகலத் திறந்துகொண்டு, தானே பிழிந்துகொண்டாள்.